மூன்றாவது பாட்டில் என் குரல்

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பல் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறெதையும் பதிய முடியாது. உடைத்த ஓட்டையின்மேல் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டிவிட்டால் மறுபடியும் பதியலாம். இந்த இரண்டு வேலையையும் செய்து பார்த்த வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்லி விளங்கவைக்க எனக்குப் படிப்புப் போதாது. எட்டாவதோடு நின்றவள் நான்.

ஒரு வருடம் நான் ஒருத்தியே இருநூறு கேசட்டுக்குப் பல் உடைத்தேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, கொண்டை ஊசியால். எதிரில் அண்ணன் உட்கார்ந்து அட்டையில் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தான்.

"முழுசா ஒடச்சு எடுட்டி. பாதியில விடாத. ஒரு பய நம்ம பாட்டு மேல வேற பாட்டப் பதிஞ்சிரக் கூடாது."

"கை வலிக்குதுண்ணே."

"வலிக்கட்டும். பெரிய ஆளான பொறவு சொல்லிக்கலாம்லா, 'பத்துத் தறி'க்கு நாந்தான் பல்லு புடுங்குனேன்னு."

'பத்துத் தறி' என்பது அண்ணன் குழுவின் கேசட் பெயர். எட்டுப் பாட்டு. அந்த மாதிரிப் பாட்டுக்கு ஹார்ட் ராக் என்று பெயர் என அண்ணன்தான் சொன்னான். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அந்த வார்த்தை தெரியாது. எண்பதுகளின் நடுவில் பேண்டேஜ் துணி நெய்கிற தெரு அது. யாருக்குத் தெரியும்?

அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பட்டாளத்தில் இருந்த எங்கள் தாய்மாமன் ஒரு லீவுக்கு வரும்போது பூனாவிலிருந்து ஒரு பழைய கரண்ட் கிடாரும் நாலு கேசட்டும் கொண்டுவந்தார். யாரோ ஆபீசர் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். "நமக்கு எதுக்கு இது, மருமகன் வச்சு வெளையாடட்டும்" என்று கொடுத்தார். அட்டையில் முடி வளர்த்த வெள்ளைக்காரர்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பாவோடு தறிக்குப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு வருடத்தில், கேட்டுக் கேட்டே, அந்தக் கிடாரைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

ஆனால் வெள்ளைக்காரன் மாதிரி அவன் வாசிக்கவில்லை. தறி மாதிரி வாசித்தான். அப்பாவும் அவனும் வேலை பார்த்த கூடத்தில் பத்துத் தறி. நூல் சுற்றிய நாடாக்கட்டை இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் போய் விழுகிற சத்தம், பத்தும் ஒன்றுக்கொன்று சேராமல் ஓடி, செத்த நேரத்துக்கு ஒருமுறை பத்தும் ஒன்றாக விழும். அந்த இடம் அண்ணனுக்குப் பிடிக்கும். "இப்பப் பாரு, இப்பப் பாரு, சேருது" என்று விரலைத் தூக்குவான். சேர்ந்ததும் விரலைக் கீழே போடுவான். அதைத்தான் எட்டுப் பாட்டிலும் வைத்திருந்தான்.

என் குரலும் அந்தக் கூடத்திலிருந்து வந்ததுதான். தறி ஓடும்போது பேச்சு எடுபடாது; வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தாலும் கேட்காது. அதனால் சோறு கொண்டுபோகிற பெண்பிள்ளைகள் வாசலில் நின்று ஒரே இழுப்பாகக் கூவுவோம். வார்த்தை கிடையாது. தறிச் சத்தத்துக்கு மேலே ஏறி நிற்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு இழுப்பு மாறும். எங்கள் வீட்டு இழுப்பு மேலே போய், நடுங்கி, மெதுவாக இறங்கும். அது கேட்டால் அப்பாவும் அண்ணனும் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். மற்ற தறிக்காரர்கள் தலையைத் தூக்க மாட்டார்கள்.

"ஏட்டி, மூணாவது பாட்டுல நீ வரணும்" என்றான் அண்ணன் ஒரு நாள்.

"எனக்குப் பாடத் தெரியாதுண்ணே."

"எவ உன்னப் பாடச் சொன்னா? சோறு கொண்டாந்தா கூப்பிடுவேல்ல, அது போதும். பத்துத் தறிக்கு மேல கேக்குற கொரலு, என் கிடாருக்கு மேல கேக்காதா?"

எனக்கு அப்போதிருந்தே பயம் தொற்றிக்கொண்டது. நான் பயந்த பிறவி. இதை எழுத உட்கார்ந்த பிறகே அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். பெண்பிள்ளை குரல் கேசட்டில் வந்தால் ஊர் என்ன சொல்லும், அப்பா என்ன செய்வார், வ. புதுப்பட்டியில் இருக்கிற அத்தை என்ன நினைப்பாள்? பிறந்ததிலிருந்தே என்னைத் தன் மகனுக்கு என்று பேசிவைத்திருந்தவள் அத்தை. அண்ணன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்: "நம்மளயும் பதியுறவுகளயும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

ஸ்டுடியோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. அங்கே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பாய் ஒருவர் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை வைத்திருந்தார். அவர் மகன்தான் அண்ணன் குழுவில் பாடுகிறவர். மூன்றாவது ஆள், கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற பேண்டு செட்டில் டிரம் அடிப்பவர். மூன்று பேர் என்பதால் குழுவுக்கு 'த்ரீ பேஸ்' என்று பெயர். தறிக்கு வருகிற கரண்ட் அது.

கடை மாடியில் ஓர் அறை. ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற விளம்பரத்தை எல்லாம் அங்கேதான் பதிவார்கள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க நாலு சுவரிலும் சாக்கை அடித்து உள்ளே மில் கழிவுப் பஞ்சைத் திணித்திருந்தார்கள். ஸ்டுடியோ என்றதும் போட்டோ பிடிக்கத்தான் போகிறோம் என்று அம்மா எனக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பவுடர் போட்டு, கனகாம்பரம் வைத்து அனுப்பியிருந்தாள். மின்விசிறி ஓடினால் அதன் சத்தமும் பதிந்துவிடும் என்று நிறுத்திவிட்டார்கள். என் பவுடர் எல்லாம் வழிந்து கழுத்துக்கு வந்துவிட்டது. கீழே பக்கத்துக் கடையில் பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தார்கள். சுண்டுகிற பாலின் வாசனை படியேறி வந்து அந்தப் பஞ்சுச் சுவரில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பால்கோவா கிண்டுகிற இடத்தைத் தாண்டினால் எனக்குத் தொண்டை வறண்டுபோகும்.

அண்ணன் ஒரு காரியம் செய்திருந்தான். ஒலிபெருக்கிப் பெட்டியின் காகிதத்தைக் கொண்டை ஊசியால் அங்கங்கே குத்திக் கிழித்திருந்தான். அப்போதுதான் கிடார் தறி மாதிரி இரையுமாம். முதல் நாள் மதியம் நாங்கள் சாப்பிட இறங்கிய நேரத்தில் பாய் மேலே போய் அதைப் பார்த்துவிட்டார். நல்ல மனுஷர். எங்கள் ஊர்ப் பேண்டேஜ் துணியையே வெட்டி, பசை தடவி, குத்தின ஓட்டை அத்தனையையும் ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"தம்பி, கிழிஞ்ச பெட்டியக் குடுத்து ஒங்கள ஏமாத்திட்டேன்னு நெனச்சிராதிய. சரி பண்ணிட்டேன்."

அண்ணன் அழாத குறை. மறுபடி ஒவ்வொன்றாகக் குத்தினான். பாய் பார்த்துக்கொண்டே நின்று மகனிடம் மெல்லக் கேட்டார்: "ஏன்டா, இந்தத் தம்பி வீட்டுல எதுவும் சங்கடமா?"

மூன்றாவது பாட்டில் கிடார் ஏறி ஏறிப் போய்ச் சட்டென்று நிற்கும். அங்கே நான். அண்ணன் விரலைத் தூக்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு கூடத்து வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு கூவினேன். கண்ணைத் திறந்தபோது டிரம்காரர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்மா தாயி" என்றார். அந்தக் கேசட்டுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

பாய் கடையில் இரண்டிரண்டாகப் பதிந்து இருநூறு கேசட் சேர்ந்தது. ராஜபாளையத்தில் நாலு கடை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பாய் கடை. இந்தக் கேசட் விற்றுப்போய்விட்டால் அடுத்ததை மதுரையில் பெரிய ஸ்டுடியோவில் பதியலாம் என்று பாய் மகன் சொல்லியிருந்தார். அண்ணன் அடுத்த கேசட்டுக்கு அப்போதே ஐந்து பாட்டு வைத்திருந்தான்.

வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பாட்டுப் பிடிக்கவில்லை என்றுகூட யாரும் சொல்லவில்லை. கேசட் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். "பாய், டேப் இழுக்குது." "பாய், என் செட்டுல ஸ்பீக்கர் கிழிஞ்ச மாதிரி கேக்கு." பாயும் நம்பிக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அவர்களுடைய டேப்ரிக்கார்டரைத் துடைத்துக் கொடுத்துப் பார்த்தார். துடைத்தாலும் அதே சத்தம்தான். கான்சாபுரத்து லாரி டிரைவர் ஒருவர் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போனார். அண்ணன் ஓடிப்போய்க் கேட்டபோது, "இதப் போட்டா வண்டி ஓட்டும்போது கண்ணு சொருகாதுப்பா" என்றாராம்.

தறிக்கூடத்தில் அண்ணன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் காட்டினான். எல்லாரும் சோற்றில் கை வைத்தபடி கேட்டார்கள். முடிந்ததும் ஒருவர் சொன்னார்: "ஏலே, காலையிலருந்து இதத்தானலே கேக்கோம். சோறு திங்கும்போதாச்சும் செத்த நேரம் விடக் கூடாதா?" கூடமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். என் குரலை அவர் கண்டுபிடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் அதற்கு ஒரே ஒரு ரசிகன்தான். பக்கத்து வீட்டு மில் மேஸ்திரி வளர்த்த நாய். ராஜபாளையம் ஜாதி நாய்தான், உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் சிவப்பு. பிறவியிலேயே காது கேட்காது. அந்த வெள்ளையில் நிறைய அப்படித்தான் பிறக்கும். அண்ணன் கேசட்டைப் போட்டால் எங்கிருந்தாலும் வந்து, பெட்டியோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்துவிடும். மேஸ்திரி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர் வாசலில் நின்று, "ஏமிரா, உன் பாட்டுக்கு என் செவிட்டு நாய்தான் கெடச்சுதா?" என்பார். அண்ணன் கோபப்பட மாட்டான். "அது வயித்தால கேக்குது அண்ணாச்சி" என்பான்.

அந்த நேரத்தில்தான் நான் பெரியவளானேன்.

லீவில் வந்திருந்த மாமா வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குச்சு கட்டிக் கொடுத்தார். பதினாறு நாள் அதற்குள்தான். தனித் தட்டு, தனிச் செம்பு, ஆண்பிள்ளைகள் முகத்தில் விழிக்கக் கூடாது. ஒரு நாள் சாயங்காலம் முற்றத்தில் அப்பா அண்ணனிடம் பேசியதை ஓலைக்குள்ளிருந்து கேட்டேன்.

"ஏலே, ரெண்டு மாசமா நீ தறியில நிக்கல, தறிதான் உன்ன வச்சு ஓடுது. இழை அறுந்தாக்கூடப் பாக்க மாட்டேங்க. இன்னும் எம்புட்டு நாளைக்கு?"

"ஜனங்க கேட்டுப் பழகணும்ப்பா."

அப்பா துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "சரி. சடங்கன்னைக்குச் சொந்தம் பூராவும் வருவாக. ரேடியோ செட்டு கட்டுவோம்ல, அதுல உன் பாட்டப் போடு. ஒருத்தர், ஒரே ஒருத்தர், நல்லாருக்குன்னு சொல்லட்டும். அதுக்குப் பொறவு நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா மாமா குடுத்தத மாமாவே கொண்டுபோகட்டும். நீ தறியப் பாரு."

"சரிப்பா" என்றான் அண்ணன் உடனே. அவன் குரலில் சந்தோஷம். அப்பா இவ்வளவு தூரம் இறங்கி வருவார் என்று அவன் நினைக்கவில்லை.

அவன் குச்சுக்குப் பக்கத்தில் வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, மூணாவது பாட்ட மட்டும் விட்டுரு."

"அதாட்டி இருக்குறதுலயே நல்ல பாட்டு."

"அத்த வருவாகண்ணே. என் கொரலுன்னு கண்டுபிடிச்சிருவாக."

"தறிக்கூடத்துப் பக்கம் அத்த வந்திருக்காகளா? அவியளுக்கு எப்படித் தெரியும்? பயந்து சாகாத." எழுந்து போகப் போனவன் நின்றான். "உனக்குப் பிடிச்சிருக்குல்ல?"

பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அதைத்தான் வாய்க்குள் முனகிக்கொண்டு போவேன். ஆனால் நான், "போண்ணே, எனக்குப் பயமா இருக்கு" என்றுதான் சொன்னேன்.

சடங்கன்று காலையில் வேப்பமரத்தில் ஒன்றும் கரண்ட் கம்பத்தில் ஒன்றுமாகக் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தது. விடிந்ததிலிருந்து நாகஸ்வரமும் மங்களமான சினிமாப் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் காயாத முகத்தோடு என்னைப் பலகையில் உட்காரவைத்தார்கள். கழுத்து மாலை கனத்தது. தலையைக் குனிந்தே இருக்க வேண்டும், பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். அத்தையின் மிஞ்சி, மாமாவின் பாலீஷ் போட்ட பூட்ஸ், கூட்டத்துக்குப் பின்னால் அண்ணனின் ரப்பர் செருப்பு.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் ரேடியோ செட்டுக்காரர் பதறிப்போய் எழுந்து ஒவ்வொரு திருகாகத் திருகினார். அவருடைய ஆம்ப்ளிபயர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஒண்ணும் ஆகல, பாட்டே அப்படித்தான்" என்று அண்ணன் அவர் கையைப் பிடித்தான். இரண்டாவது பாட்டில் சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். குழந்தை ஒன்று அழுதது. அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றானாம். அம்மா பிறகு சொன்னாள்.

மூன்றாவது பாட்டு. கிடார் ஏறிப் போய் நின்றது. கூம்பிலிருந்து என் குரல் தெரு முழுக்க விழுந்தது.

பஞ்சுச் சுவருக்குள் கேட்டபோது அது சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலாக இருந்தது. வேப்பமரத்திலிருந்து கேட்டபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேலே போய், நடுங்கி, மெதுவாக இறங்கியது. தறி இல்லாமல் கேட்டால் அது எப்படி இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேருமே யோசித்ததில்லை.

அத்தை ஆலத்தித் தட்டோடு எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தட்டு ஆடியது. சிவந்த தண்ணீர் என் காலில் சிந்தியது.

"எவ அழுதா? ஏட்டி, எவ அழுதது?"

"மதினி, பாட்டு மதினி..." என்றாள் அம்மா.

"பாட்டா? சடங்கு வீட்டுல ஒப்பாரியா வைக்கிய?"

அப்புறம் நடந்ததை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் விசாரித்துக்கொண்டா போவார்கள்? கேட்ட பெண்கள் போட்டதைப் போட்டபடி, கொண்டையை அவிழ்த்துவிட்டு ஓடிவருவார்கள். கீழத்தெருவில் இருந்து அப்படி மூன்று பேர் மாரில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா பெயரைச் சொல்லி, "போயிட்டியா என் ராசா" என்று எடுத்து, எங்கள் பந்தலுக்குள் வந்து, வாழைமரத்தைப் பார்த்து நின்றார்கள். அவர்கள் எதிரே அப்பா புதுவேட்டியோடு உயிரோடு நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வந்தவர்களில் ஒருத்தி தலையை முடிந்துகொண்டே, "சத்தம் கேட்டுச்சேன்னு வந்தோம், மன்னிச்சுக்கோங்க" என்றாள். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா போய்க் கேசட்டை நிறுத்தினார். திரும்பி வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்றார்.

"சொந்தக்காரக எல்லாம் இருக்கிய. எம் மகன் போட்ட பாட்டு. நல்லாருக்குன்னு சொல்றவுக சொல்லுங்க."

சமையல்கட்டில் ஏதோ தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒருத்தர்கூடவா இல்ல?"

அந்த இரண்டாவது கேள்வியில் அப்பா குரல் உடைந்தது. கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன். நான் மட்டுமில்லை, எல்லாருமே அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, அதுகள் ஒவ்வொன்றுக்காகவும் நான் அங்கங்கே போய் நின்ற பிறகுதான் விளங்கியது. அவர் ஜெயிக்கக் கேட்கவில்லை. மகனுக்காக ஒரு ஆள் கிடைக்காதா என்று பிச்சை கேட்டிருக்கிறார்.

அண்ணனின் செருப்பு என் பக்கம் திரும்பியது. அவன் வேறு யாரையும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். 'நல்லாருக்குப்பா.' அவ்வளவுதான். பத்துத் தறிக்கு மேலே கேட்கிற குரல் என்னுடையது. ஆனால் பேசினால் அத்தை கண்டுபிடித்துவிடுவாள், கல்யாணம் நின்றுவிடும், சபையில் பேசினாள் என்று ஆகிவிடும். நான் குனிந்தே இருந்தேன். காலில் சிந்திய ஆலத்தித் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்பு திரும்பிக் கூட்டத்துக்குள் போய்விட்டது.

மாமா லீவு முடிந்து போகும்போது கிடாரைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். "நாந்தான் அத்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்று அப்பாவிடம் சொன்னார். அண்ணன் அவரை பஸ் ஏற்றிவிடப் போனான். கிடாரை மேலே வைக்க இவன்தான் தூக்கிக் கொடுத்தானாம்.

சடங்கோடு என் படிப்பும் நின்றது. வீட்டில் உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டினேன். அண்ணன் ஒரு நாள் தவறாமல் தறிக்குப் போனான். எனக்குச் சோறு கொண்டுபோகிற வேலை இல்லை. பெரியவளானவள் கூடத்து வாசலில் நின்று கூவக் கூடாது. நாலு வருடத்தில் அத்தை மகனையே கட்டிக்கொண்டு வ. புதுப்பட்டிக்குப் போனேன். அத்தை சாகும்வரை அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. நல்லவள்தான். நான் பயந்ததில் பாதிகூட அவளிடம் கிடையாது. சொல்லியிருந்தால் இரண்டு நாள் கத்திவிட்டு விட்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணனுக்குக் காது போனது கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் இரைச்சல் என்றான். தறிக்காரர்களுக்கு எல்லாம் இருப்பதுதான் என்று விட்டுவிட்டார்கள். பிறகு சீழ் வந்தது. அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். நானும் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஊற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதையெல்லாம் ஏன் ஊற்றினீர்கள் என்று டாக்டர் திட்டினார். முப்பத்திரண்டு வயதுக்குள் ஒரு காது முழுக்கவும் மற்றது பெரும்பாலும் அடைத்துவிட்டது. பெண் கொடுக்க யாரும் வரவில்லை. தறியில் மட்டும் அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அங்கே யாருக்குத்தான் காது வேண்டும்?

தொண்ணூறுகளின் கடைசியில், ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். அப்பா அப்போது இல்லை. கூட்டத்தில் தள்ளிக்கொண்டு வந்து பாய் கடை முன்னால் நின்றுவிட்டேன். பாயும் இல்லை. மகன் தலை நரைத்து உட்கார்ந்திருந்தார். கடையில் சிடி வந்துவிட்டது. கழிக்கிற கேசட்டை எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"த்ரீ பேஸ் தங்கச்சியா?" என்றார். அண்ணனைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். சாக்கைக் கிளறி ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் கையெழுத்தில் எட்டுப் பாட்டின் பெயர்கள். "திரும்பி வந்ததுல எங்க அத்தா மிச்சம் வச்சது இது ஒண்ணுதாம்மா."

அண்ணனைப் பார்க்கப் போகிற பஸ்ஸில் முழு தூரமும் அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். ராஜபாளையத்தில் இறங்குகிற நேரத்தில்தான் திருப்பிப் பார்த்தேன். நான் உடைத்த பல்லின் ஓட்டைமேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

வீட்டில் அண்ணன் தனியாக இருந்தான். கேசட்டைக் காட்டியதும் வாங்கி, அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தான். அப்பாவின் பழைய டேப்ரிக்கார்டரைத் தூசி தட்டி எடுத்துவந்தான். அவனே போட்டான்.

நாகஸ்வரம். யாருடைய கல்யாணமோ. தவில் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்ணன் தரையில் உட்கார்ந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்து வீட்டு வெள்ளை நாய்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"டிரம்காரரு அன்னைக்கு நல்லா அடிச்சிருக்காருட்டி" என்றான். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி உரக்க.

நான் தலையை ஆட்டினேன். முதல் பாட்டு இவ்வளவு நேரம், இரண்டாவது இவ்வளவு நேரம் என்று அவனுக்குள் கணக்கு ஓடியிருக்க வேண்டும். வெகுநேரம் அப்படியே இருந்தான். தவில் முத்தாய்ப்பு வைத்து நின்றது. பெட்டி சும்மா இருந்தது. அவன் மற்றக் கையின் விரலைத் தூக்கினான்.

நான் எழுந்து நின்றேன். தெருக்கதவு திறந்திருந்தது. பட்டப்பகல். இரண்டு பிள்ளை பெற்றவள். எல்லா யோசனையும் வரிசையாக வந்தது. விரல் அப்படியே நின்றது.

கூவினேன். எங்கள் வீட்டு இழுப்பு. மேலே போய், நடுங்கி, மெதுவாக இறங்கியது. முடிந்ததும் அண்ணன் கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். விரலைக் கீழே போட்டான்.

தெருவில் செருப்புச் சத்தம். எதிர் வீட்டு அக்கா கொண்டையில் கை வைத்தபடி வாசலுக்கு ஓடிவந்துவிட்டாள்.

"என்னட்டி ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "பாட்டு. எங்கண்ணன் போட்ட பாட்டு. நல்லாருக்கும்."